பின்வரிசை இயற்பியல் வாத்தியார்

பிரபஞ்சம் எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டே தீருவது என்று ஐம்பத்தெட்டாவது வயதில் நான் முடிவெடுத்தேன். அறிவுத் தாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொறாமை.

என் பெயர் தர்சோனோ. மலாங் ரயில் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் ஒலிபெருக்கியில் பேசியவன். "இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கும் வண்டி" என்று நான் வாயெடுத்தால் ஐந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து நிற்பார்கள். வீட்டில் நான் பேசினால் பூனைகூடப் புரண்டு படுக்காது. இந்த வித்தியாசத்தை நான் அதுவரை கவனித்ததில்லை. பகலெல்லாம் நிலையத்தில் இருந்தேன் அல்லவா?

போன வருஷம் ஓய்வு கொடுத்தார்கள். கூடவே ஒரு கடிகாரமும் கொடுத்தார்கள். எத்தனை நாள்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? என் மனைவி மூர்னி பெருநாளுக்கு நஸ்தார் செய்து விற்பவள். அன்னாசிப் பூரணம் வைத்து, வாயில் போட்டால் கரைந்துபோகிற பிஸ்கோத்து. பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் குவிந்துவிடும். அவளும் பக்கத்து வீட்டு யாயுக்கும் காலையிலிருந்து மாலை வரை மாவோடு மாவாக நிற்பார்கள். இவ்வளவு பெரிய தொழில் ஒரு நிர்வாகி இல்லாமல் நடக்கிறதே என்று என் மனம் பதைத்தது. நிர்வகிக்கப் புறப்பட்டேன்.

முதலில் சமையலறைச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். முதல் ஓவன்: புறப்பாடு 7.15, வருகை 7.40. பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு நஸ்தார் ஒவ்வொன்றின் குறுக்களவையும் அளந்தேன். சிலது இரண்டு மில்லிமீட்டர் கூடுதல். அவற்றை நானே தின்று அப்புறப்படுத்தினேன். மூன்றாம் நாள், பழக்க தோஷம், யாயுக்கின் முதுகுக்குப் பின்னால் நின்று முழுக் குரலில் அறிவித்தேன்:

"பயணிகள் கவனத்துக்கு. இரண்டாவது ஓவனிலிருந்து வர வேண்டிய தட்டு பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது."

தட்டு தாமதிக்கவே இல்லை. யாயுக்கின் கையிலிருந்து உடனே கீழே வந்தது.

மூர்னி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எண்பது நஸ்தாரையும் பொறுக்கினாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் உள்ளே ஏதோ வேகிறது என்று அர்த்தம். முப்பத்தோரு வருஷ அனுபவத்தில் எனக்கு அது தெரியும். ஆனால் அனுபவம் வேறு, புத்தி வேறு.

மறுநாள் காலை காபியோடு ஒரு பழைய போட்டோவையும் கொண்டுவந்து வைத்தாள்.

"எங்க வகுப்பு போட்டோ, மாஸ். பெருநாள் முடிஞ்சு பத்தாம் நாள் பழைய மாணவர் கூட்டம் வெச்சிருக்காங்க. பாத்து மலையில. வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வரணுமாம்."

எங்கள் பக்கத்தில் கணவனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் என்று பொருள். மரியாதையும் உண்டு, கொஞ்சலும் உண்டு. எந்த நேரத்தில் எது என்பது குரலில் இருக்கிறது.

"இது யாரு பின்வரிசையில, தென்னமரம் மாதிரி?"

"அவரா?" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

என் மனைவி பெருமூச்சு விடுகிற ஜாதியே இல்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

"யாருன்னு கேட்டேன்."

"பிந்தோரோ. இப்ப சுரபாயால பெரிய இயற்பியல் வாத்தியாராம்."

"அதுக்கு நீ ஏன் மூச்சு விடுற?"

"மூச்சு விடாம எப்படி மாஸ் இருக்கிறது?"

"மூர்னி!"

"ஐயே, பழைய கதை. விடுங்க. ரெண்டு மூணு கடுதாசி குடுத்தார். அவ்வளவுதான்."

"ரெண்டா, மூணா?"

"ஏழு."

காபி என் தொண்டையில் வழி தவறிப் போனது. இருமி முடித்துவிட்டுக் கேட்டேன்: "என்ன எழுதியிருந்தான்?"

"யாருக்குத் தெரியும்? பூமி நிலாவை இழுக்குது, நீ என்னை இழுக்கிறேன்னு ஆரம்பிப்பார். அப்புறம் பூரா கணக்கு. எனக்கு ஒரு வரி புரியல. புரிஞ்சிருந்தா..."

"புரிஞ்சிருந்தா?"

"காபி ஆறுது. குடிங்க."

எழுந்து போனவள் வாசலில் நின்று திரும்பினாள். "அவரும் வர்றாராம். உங்களோட உக்காந்து பேசணும்னு சொன்னாராம். அவரு அவ்வளவு படிச்சவரு. உங்களோட என்னத்தப் பேசுவாரு, பாவம்."

அந்த 'பாவம்' யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லை மென்றுகொண்டிருந்தேன். சமையலறைப் பக்கம் போகவே மறந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் என் இயற்பியல் மதிப்பெண் பத்துக்கு மூன்று. அதிலும் ஒன்று பெயரைப் பிழையில்லாமல் எழுதியதற்கு. ஆனால் இப்போது போனில் தேடினால் உலகத்தில் உள்ள எல்லா வகுப்பும் கிடைக்கிறது. 'சாதாரண மனிதனுக்கு இயற்பியல்' என்று ஒன்று அகப்பட்டது. எட்டு வாரம், இருபத்து நான்கு பாடம், கடைசியில் தேர்வு. பாடம் நடத்துபவர் பேராசிரியர் லுக்மான் என்று ஓர் ஒல்லி மனிதர். சட்டைக் கை முழுக்க சாக்பீஸ் தூள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். எட்டு வாரம் முடிய, கூட்டம் வர, சரியாக இருந்தது. விதி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மூர்னிக்குத் தெரியக் கூடாது. இன்னும் பதினாறு நாளில் நோன்பு. நோன்பு மாதத்தில் பொய் சொல்வது பெரிய பாவம். அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

"மூர்னி, போன்ல ஒரு வகுப்பில சேர்ந்திருக்கேன். புறா வளர்க்கிறது பத்தி."

பின்முற்றத்தில் நான் ஒரு பெர்குத்துட் புறா வளர்க்கிறேன். நல்ல குரல். என்னைவிட அதற்கு வீட்டில் மதிப்பு.

"அப்படியா? நல்லாக் கத்துக்கோங்க" என்றாள். சந்தேகமே படவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தினமும் காலையில் கூண்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு, காதில் கம்பியில்லாத இயர்போனைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தம் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்டது. மலிவான இயர்போன் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாடத்திலேயே தலை சுற்றியது. நிற்கிற பொருள் நிற்கவே பார்க்கும், ஓடுகிற பொருள் ஓடவே பார்க்கும், இதற்கு நிலைமம் என்று பெயர் என்றார் பேராசிரியர். ஓடும் பஸ் சட்டென்று நின்றால் நாம் முன்னால் விழுவது ஏன் என்று படம் போட்டுக் காட்டினார். நான் வாயைப் பிளந்துவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம், வண்டி நிற்கும்போதெல்லாம் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்து, எங்கள் ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்று திட்டியிருக்கிறேன். எல்லோரும் சட்டப்படிதான் விழுந்திருக்கிறார்கள்!

இரண்டாவது பாடம் நிறை. ஒரு பொருளை நிலாவுக்குக் கொண்டுபோனாலும் எடை குறையும், நிறை குறையாது. எங்கள் பாஷையில் நிறைக்குக் கிட்டத்தட்ட 'மாஸ்' என்றுதான் பெயர். "மாஸ் பெரிதாக இருந்தால், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைப்பது மிகவும் கடினம்" என்றார் பேராசிரியர். அதே நேரம் சமையலறையில் இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏதோ பெண்கள் சமாசாரம் என்று நான் பொருட்படுத்தவில்லை.

விபத்து ஏழாவது பாடத்தில் நேர்ந்தது. பாடத்தின் பெயர் வேலை.

ஒரு பொருளை விசையால் நகர்த்தினால்தான் வேலை. தூக்கிக்கொண்டு சும்மா நின்றால் வேலை பூஜ்யம். இதைக் கேட்டுவிட்டு நான் நிமிர்ந்தேன். எதிரே மூர்னி. கையில் ஆறு கிலோ மாவுத் தட்டு. யாயுக் ஓவனைத் திறப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் வேர்வை. இப்படிப்பட்ட நேரத்தில் புத்தியுள்ள புருஷன் என்ன செய்வான்? தட்டை வாங்கிக்கொள்வான். நான் வாயைத் திறந்தேன்.

"மூர்னி, ஒண்ணு சொன்னா ஆச்சரியப்படுவே. இப்ப நீ வேலையே செய்யல."

புறாகூடக் கூவுவதை நிறுத்தியது.

"என்ன சொன்னீங்க?"

"அதாவது... தட்டு நகரல. நகராட்டி அது வேலை இல்ல."

"இது புறா வகுப்பில சொன்னாங்களா?"

"புறா கிளையில உக்காந்திருக்கில்ல... அதுமாதிரி..."

"அப்ப நான் நிக்கிறது வேலை இல்ல."

"இல்ல."

"தூக்கிட்டு நின்னா களைப்பே இருக்காது."

"கணக்குப்படி பார்த்தா..."

"புடிங்க" என்று தட்டை என் கையில் வைத்தாள். "கீழ வைக்காதீங்க, எறும்பு வரும். நான் கூப்பிடுற வரைக்கும் வேலை செய்யாம நில்லுங்க."

நாற்பது நிமிடம் நின்றேன். நான் செய்த வேலை பூஜ்யம். மறுநாள் என்னால் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பூஜ்யத்துக்கு இவ்வளவு வலிக்குமா? தாங்க முடியாமல் பேராசிரியருக்கே எழுதிக் கேட்டேன். பாவம், நல்ல மனிதர், பதில் எழுதினார். தட்டு நகராவிட்டாலும் உள்ளே தசைநார்கள் ஓயாமல் இழுத்து இழுத்து விடுகின்றன, சக்தி செலவாகிறது, அதனால்தான் களைப்பு. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "இந்தச் சந்தேகம் பெரும்பாலும் கல்யாணமானவர்களுக்கே வருகிறது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்."

கேட்டேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. கையில் தைலம் தேய்த்துவிட்டாள்.

நோன்பு தொடங்கியது. ஈர்ப்பு விசைப் பாடம் சரியாக நோன்பு மாதத்தில் வந்து வாய்த்தது. அரைமணி நேரம் ஓர் ஆப்பிள் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் மலைப்பக்கம் முழுக்க ஆப்பிள் தோட்டம்தான். தலைமுறை தலைமுறையாக விழுகிறது. ஒருவனாவது ஏன் விழுகிறது என்று கேட்டானா? விழுந்ததைப் பொறுக்கி வறுவல் போட்டு விற்றோம். வெட்கமாக இருந்தது. பசியாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று சொல்ல வேண்டாம்.

ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாள் போகப் போக நான் பிந்தோரோவை மறக்க ஆரம்பித்தேன். காலையில் எழுந்தவுடன் அடுத்த பாடம் என்ன என்றுதான் நினைப்பு. பார்க்கிற எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. காபி ஆறுவது, சைக்கிள் சாயாமல் ஓடுவது, மழைத்துளி கண்ணாடியில் கோணலாக இறங்குவது. ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த உலகத்தில் டிக்கெட் இல்லாத பயணி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். இப்போதுதான் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

ஒரு சாயங்காலம் ஊசல் பாடத்தைச் சோதித்துப் பார்த்தேன். புறாக் கூண்டை நீளமான கயிற்றில் தொங்கவிட்டு லேசாக ஆட்டிவிட்டேன். பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பார்த்தேன். ஆமாம், ஓய்வு கொடுக்கும்போது கொடுத்தார்களே, அதேதான். பிறகு இன்னும் கொஞ்சம் அதிகமாக ஆட்டினேன். புறா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மூர்னி கையெல்லாம் அன்னாசி மஞ்சளோடு வெளியே வந்தாள். நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"என்ன மாஸ் பண்றீங்க?"

"இங்க வாயேன். கூண்டு கொஞ்சமா ஆடுனாலும் சரி, நிறைய ஆடுனாலும் சரி, போய் வர ஒரே நேரம்தான் எடுத்துக்குது!"

"அது எப்படி? தூரம் அதிகம்ல?"

"தூரம் அதிகமானா வேகமும் அதிகமாயிடுது. நீயே ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். எண்ணினாள். உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து வந்ததும் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"அட!" என்றாள்.

முப்பத்தோரு வருஷத்தில் நான் அவளுக்கு வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஓர் 'அட' வாங்கியதில்லை.

"இதுவும் புறா வகுப்பா?"

"கூண்டுப் பாடம்" என்றேன். நோன்பு நேரம். அது பொய் இல்லை.

பெருநாள் வந்தது, போனது. ஆர்டர் கொடுத்த ஒருவருக்குக்கூட டப்பா தாமதமாகப் போகவில்லை. நிர்வாகி இல்லாமலே எப்படி என்று எனக்கு வியப்பாக இருந்தது. தேர்வு எழுதினேன். நூற்றுக்கு எழுபத்தொன்று. சான்றிதழை அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு நல்ல பத்திக் சட்டை, வாசனைத் தைலம், உள்ளே எழுபத்தொன்று. வா பிந்தோரோ.

பாத்து மலையில் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையை எடுத்திருந்தார்கள். நடுவில் மீன் குளம். மூர்னி தோழிகளைக் கண்டதும் கிரீச்சென்று கத்திக்கொண்டு ஓடினாள். ஐம்பத்தைந்து வயது என்று சொன்னால் நம்ப முடியாது. நான் தென்னை மரத்தைத் தேடினேன். காணோம். பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு ஒருவர் குளத்தங்கரையைக் காட்டினார்.

அங்கே தென்னை மரம் இல்லை. தண்ணீர்த் தொட்டி நின்றது. வழுக்கைத் தலை. தொட்டிச் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு தட்டு சோற்றை அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தார். நான் கனைத்தேன். அவர் திடுக்கிட்டார். 'பாக்' என்று மரியாதையாகவே ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்தில் ஐயா என்று பொருள்.

"வணக்கம் பாக் பிந்தோரோ. நான் தர்சோனோ. மூர்னியோட வீட்டுக்காரன். உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். நேரா விஷயத்துக்கு வர்றேன். இந்தக் குளத்து மேல தொங்குற விளக்கு ஆடுது பாருங்க. அதோட ஆட்ட நேரம் எதைப் பொறுத்தது? எடையையா, கயிற்று நீளத்தையா?"

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு எது? இயற்பியலா?"

"ஆமா. ஏன்?"

"அப்பாடா. இதாவது நம்ம பாஷையில இருக்கு" என்றார். "கொஞ்சம் முன்னாடி ஒருத்தர் வந்து அரைமணி நேரம் ஜப்பான் பாஷையில பேசினார். அதுக்கு முன்னாடி ஒருத்தர், குள்ள மரத்துக்கு எந்த மாசம் வேர் வெட்டுவீங்க, வெள்ளிக் கோப்பையை எந்த வருஷம் வாங்குனீங்கன்னு சட்டையைப் புடிக்காத குறையாக் கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. சோத்தைத் திங்க விடமாட்டேங்கிறாங்க."

"நீங்க... இயற்பியல் வாத்தியார் இல்லையா?"

"நான் மெத்தை விக்கிறேன் ஐயா. சுரபாயால. ஸ்ப்ரிங் மெத்தை, பஞ்சு மெத்தை. இயற்பியல்ல நான் வாங்குனது ரெண்டு."

என்னைவிட ஒன்று குறைவு. அந்த நிலையிலும் ஒரு சின்ன சந்தோஷம்.

"அப்ப மூர்னிக்கு நீங்க எழுதுன ஏழு கடுதாசி?"

"மூர்னிக்கா?" அவர் முகம் வெளுத்தது. "வகுப்பு பெருக்குற முறை வந்தா துடைப்பத்தைத் திருப்பிப் புடிச்சுக்கிட்டு என்னைத் துரத்துவா. அவளுக்குக் கடுதாசி எழுதுற தைரியம் எங்க வகுப்பில எவனுக்கு இருந்தது? நீங்க கட்டிக்கிட்டதைக் கேட்டு நாங்க எல்லாம் உங்களுக்காக துவா செஞ்சோம்."

இதற்குள் இரண்டு பேர் எங்கள் பக்கம் வந்தார்கள். ஒருவர் பாக் சபார். போன வருஷம் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்குத் தையல் கடை. இன்னொருவர் பாக் குனாடி. நீர்ப்பாசன இலாகா. இந்த ஜனவரியில் ஓய்வு. மனைவி வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறாள்.

"நீங்களும் தையல் கடையில ஏதாவது உதவி செஞ்சீங்களா?" என்று சபாரைக் கேட்டேன்.

"வாடிக்கைக்காரங்களுக்கு வரிசை எண் குடுத்தேன். ஏன்?"

"நீங்க?"

"ஊறுகாய் ஜாடியில எல்லாம் நீர்மட்டம் குறிச்சேன்" என்றார் குனாடி. "அப்புறம் ஒருநாள் அவ ஒரு போட்டோவைக் காட்டினா..."

மூவரும் மெல்லத் திரும்பிப் பார்த்தோம். தூரத்து மேஜையில் மூன்று பெண்கள் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பார்வை பட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையசைத்தார்கள்.

பாக் சபார் ஜப்பான் மொழியில் ஏதோ சொன்னார்.

"என்ன அர்த்தம்?"

"முட்டாள். பன்னிரண்டாம் பாடம்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நிஜமாகவே வலித்தது. எட்டு வாரம். இரண்டு மாதமாக ஒரு மெத்தை வியாபாரிமேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். சட்டைப் பையில் எழுபத்தொன்று கனத்தது.

பிந்தோரோதான் பேச்சை எடுத்தார். சோற்றை முடித்துவிட்டிருந்தார். மனிதருக்குத் தெம்பு வந்திருந்தது.

"அது இருக்கட்டும். அந்த விளக்கு... எடையையா, நீளத்தையா?"

"நீளத்தை" என்றேன் சுரத்தில்லாமல்.

"எடை கூடினா மாறாதா? என் குடும்பத்து ஊஞ்சல்ல நான் உக்காந்தா..."

"மாறாது."

"சும்மா சொல்லாதீங்க."

அவர் சாவிக் கொத்தை வாங்கினேன். குனாடியின் கைக்குட்டை நுனியில் கட்டினேன். பத்து நிமிடத்தில் நான்கு கிழவர்கள் குளத்தங்கரையில் குந்தி உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு சாவி, ஐந்து சாவி, ஒரு கரண்டியும் சேர்த்து. கைக்குட்டையை ஒரே இடத்தில் பிடித்தவரை எல்லாம் ஒன்றுதான். "அட!" என்றார் பிந்தோரோ. "அட!" என்றார் குனாடி. சபார் ஜப்பான் பாஷையில் அட என்றார். சாப்பாட்டுக் கடைக்காரர் மீன் பொரிப்பதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். என் குரல் நிலையத்துக் குரலாக மாறுவது எனக்கே கேட்டது. இந்த முறை யாரும் எதையும் கீழே போடவில்லை.

மலையிறங்கும்போது மோட்டார் சைக்கிளில் பின்னால் மூர்னி. நான் பேசவில்லை.

"கோவமா மாஸ்?"

பேசவில்லை.

"ரெண்டு வளைவு தாண்டியாச்சு. இன்னும் எத்தனை வளைவுக்குக் கோவம்?"

"ஏமாத்திட்ட."

"ஆமா" என்றாள். குரலில் வருத்தம் ஒரு துளி இல்லை. "வேற என்ன பண்றது? யாயுக் வேலைக்கு வரமாட்டேன்னுட்டா. தூக்கத்துல கூட 'பயணிகள் கவனத்துக்கு'ன்னு கேக்குதாம். சமையக்கட்டுக்கு வராதீங்கன்னு சொன்னா நீங்க கேப்பீங்களா? முகம் வாடி உக்காந்துடுவீங்க. அதைப் பார்த்துட்டு எனக்கு மாவு பிசைய வருமா?"

ஒரு வளைவு போனது.

"அது சரி. சபாருக்கு ஜப்பான் பாஷை, குனாடிக்குக் குள்ள மரம். எனக்கு ஏன் இயற்பியல்?"

என் இடுப்பைப் பிடித்திருந்த கை கொஞ்சம் இறுகியது.

"கல்யாணமான புதுசுல என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. வண்டி ஊதிக்கிட்டே வந்துச்சு. நம்மளைத் தாண்டினதும் ஊதல் சத்தம் தாழ்ந்துபோச்சு. ஏன் மூர்னி அப்படி ஆகுதுன்னு கேட்டீங்க. எனக்குத் தெரியல. உங்களுக்கும் தெரியல. அன்னிக்குப் பூரா சோறுகூடத் திங்காம அதையே சொல்லிட்டிருந்தீங்க. அப்புறமும் ரயில் சத்தம் கேக்குறப்பெல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருக்கீங்க. யாராவது இந்த மனுஷனுக்குச் சொல்லிக் குடுத்தா தேவலையேன்னு இருந்துச்சு."

எனக்குச் சாலை சரியாகத் தெரியவில்லை. தூசி. வேறொன்றும் இல்லை.

"பதினெட்டாம் பாடம்" என்றேன். "அது என்னன்னா, மூர்னி, ஒலிங்கிறது ஒரு அலை..."

"வர்றப்ப அலை நெருங்கி நெருங்கி வரும், சத்தம் உசரும். போறப்ப அலை விலகி விலகிப் போகும், சத்தம் தாழும். அவ்வளவுதானே?"

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இயர்போன் உங்க காதுலதான் இருந்துச்சு மாஸ். சத்தம் போன்ல வந்துக்கிட்டிருந்துச்சு. எட்டு வாரமும். நானும் யாயுக்கும் மாவு பிசைஞ்சுகிட்டே கேட்டோம். தேர்வு அவ தம்பி போன்ல எழுதினோம்."

கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன்.

"எவ்வளவு?"

"அவ எண்பத்திரண்டு. நான் தொண்ணூறு. எடுங்க வண்டியை, மழை வருது."

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை திடமான ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இந்த ஜன்மத்தில் ஏமாறுவதில்லை. கல்யாண சீசன் ஆர்டர் தொடங்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் காலை வைத்தேன்.

மூர்னி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"மாஸ், உங்களுக்கு முன்னாடி எங்கப்பா எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். சொல்லியிருக்கேனா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "என்ன படிச்சிருந்தானாம்?"

"வேதியியல்."

"பேரு?"

"மறந்துபோச்சு. கண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு."

"பொய்!"

"பொய்தான்" என்று ஒப்புக்கொண்டாள். மாவைப் புரட்டிப் போட்டாள். பிறகு யாரையோ நினைத்துக்கொண்டவள்போல, தனக்குள் மெல்லச் சிரித்தாள்.

வேதியியல் வகுப்பு வரும் திங்கட்கிழமை தொடங்குகிறது. பன்னிரண்டு வாரம்.